இரண்டு ஊர்க் கணக்கில் விடுபட்ட மூன்றாவது ஊர்: வேலூர்க் குடும்பம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

வேலூரில் வருமான வரிக் கணக்கும் சிறு கடைகளின் கணக்கும் பார்க்கும் அலுவலகம் ஒன்றை நடத்துகிறேன். வரி கட்ட வருபவர்கள் சில நேரம் வீட்டுக் கணக்கையும் எடுத்து வைப்பார்கள். அப்படி வந்த குடும்பம் ஒன்றின் கதை இது. சென்னையா பெங்களூரா, எந்த ஊரில் வாழ்ந்தால் கையில் மிஞ்சும் என்று கேட்டு 2023 மே மாதம் வந்தார்கள். 2025 மார்ச் வரை அவர்கள் கணக்கைப் பார்த்திருக்கிறேன். அவர்களுடைய அனுமதியோடு, பெயரும் நிறுவனங்களும் சொல்லாமல் எழுதுகிறேன். தொகைகள் அவர்கள் வீட்டு நோட்டில் இருந்தவை. அநேகமாக எல்லாவற்றையும் நூறு ரூபாய்க்குச் சரிசெய்து கொடுத்திருக்கிறேன்.

இதை எழுதக் காரணம், அன்று நான் போட்டுக் கொடுத்த கணக்கு தவறிவிட்டது. கூட்டல் கழித்தல் எல்லாம் சரிதான். எதைக் கேட்கவில்லையோ அதில்தான் தவறு.

பின்னணி

கணவருக்கு அப்போது 34 வயது. ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பொருள் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் இருந்தார், சம்பளம் 38,000. ஆர்டர் குறைந்து ஆட்களைக் குறைக்கத் தொடங்கியிருந்தார்கள், அதனால் முன்கூட்டியே வெளியே தேடினார். மனைவி சத்துவாச்சாரியில் தனியார் மழலையர் பள்ளி ஒன்றில் ஆசிரியை, மாதம் 11,000. மகள் நான்காம் வகுப்புக்குப் போகிறாள், மகனுக்கு நான்கு வயது. கணவரின் பெற்றோர் கட்டிய வீட்டில் மாடியில் இவர்கள், கீழே பெற்றோர். வாடகை கிடையாது.

அப்பாவுக்கு 67 வயது. சர்க்கரையும் இதயத்தில் ஒரு பிரச்சினையும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும். கல்கத்தாவிலிருந்தும் வங்கதேசத்திலிருந்தும் வைத்தியத்துக்காக ஆட்கள் ரயிலேறி வரும் ஊர் வேலூர். அந்த ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் போய்வரும் தூரத்தில் இருப்பவர், மகனோடு இன்னொரு ஊருக்குக் கிளம்ப மாட்டார். வீட்டில் எல்லோரும் இதை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். அதனால் யாரும் அதைப் பேசவே இல்லை. நானும் கேட்கவில்லை.

இரண்டு வேலைகள் கையில் இருந்தன. ஒன்று சென்னையில், அம்பத்தூர் தொழிற்பேட்டையில், மாதம் 58,000. மற்றொன்று பெங்களூரில், இந்திரா நகர்ப் பக்கம், மாதம் 72,000. வேலூர்க்காரருக்கு இந்த இரண்டு ஊருமே தூரமில்லை. ஒரே நெடுஞ்சாலையில் கிழக்கே சுமார் 140 கிலோமீட்டர் சென்னை, மேற்கே சுமார் 210 கிலோமீட்டர் பெங்களூர். காட்பாடியில் ஏறினால் எந்தப் பக்கமும் போகலாம். இந்த வசதியே ஒரு வகையில் எங்களை ஏமாற்றியது என்று பிறகு தோன்றியது.

முதல் அமர்வு: 2023 மே கடைசி

கணவர் கைப்பேசியில் இரண்டு படங்கள் எடுத்து வைத்திருந்தார். ஒன்று, பலரும் தங்களுக்குத் தெரிந்த விலையைப் பதிவு செய்யும் இணையத்தளம் ஒன்றின் ஒப்பீடு. அது பெங்களூர் சற்று விலை கூடிய ஊர் என்றது. இன்னொன்று, தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டு எண், ஊர் வாரியாக. எந்த ஊரின் எண் பெரிதோ அந்த ஊர் விலை கூடிய ஊர் என்று அவர் எடுத்துக்கொண்டிருந்தார்.

இரண்டாவதை முதலில் ஒதுக்கினேன். பலர் இதில் தடுமாறுகிறார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். அந்தக் குறியீட்டில் ஒவ்வொரு மையத்துக்கும் 2016ஆம் ஆண்டு விலை 100 என்று வைக்கப்படுகிறது. அதன் பிறகு அந்த ஊரில் விலை எவ்வளவு ஏறியது என்பதைத்தான் எண் காட்டும். ஒரு ஊரின் எண்ணை இன்னொரு ஊரின் எண்ணோடு வைத்து, இது மலிவு, அது விலை என்று சொல்ல முடியாது.

முதல் படத்தையும் நம்ப வேண்டாம் என்றேன். அதில் வரும் 'சராசரிக் குடும்பம்' மாதம் இரண்டு முறை ஓட்டலில் சாப்பிடும், உடற்பயிற்சிக் கூடத்துக்குப் பணம் கட்டும். இவர்கள் வருடத்துக்கு நான்கு மூட்டை ஆரணி அரிசி எடுத்து வைத்துக்கொள்கிறவர்கள்.

சரி, நாமே போடுவோம் என்று உட்கார்ந்தோம்.

கணக்கில் கண்டது

முதலில் சம்பளம். 14,000 ரூபாய் வித்தியாசம் என்று அவர் மனதில் இருந்தது. அந்த நிதியாண்டின் புதிய வரி முறையில், நிலைக்கழிவு 50,000 போக 7 லட்சம் வரை வருமானம் இருந்தால் வரி இல்லை. சென்னைச் சம்பளம் ஆண்டுக்கு 6.96 லட்சம், வரி பூஜ்யம். பெங்களூர்ச் சம்பளம் 8.64 லட்சம், வரியும் அதன் மேல் வரும் செஸ் என்ற கூடுதல் வரியுமாக 37,856, அதாவது மாதம் 3,155. பழைய முறையிலும் போட்டுப் பார்த்தேன். அவர்களிடம் சேமிப்புக் கழிவுக்குக் காட்ட பி.எஃப். தவிர எதுவும் இல்லை என்பதால் அதில் இன்னும் கூடுதலாகத்தான் வந்தது. வீட்டு வாடகைப் படிக்கான வரி விலக்கு சென்னையில் அடிப்படைச் சம்பளத்தின் 50 சதவீதம் வரை, பெங்களூரில் 40 சதவீதம் வரை என்று அப்போதிருந்த விதியைப் பற்றி நண்பர் ஒருவர் அவரைப் பயமுறுத்தியிருந்தார். விதியில் உள்ள அளவுகளில் எது குறைவோ அதற்குத்தான் விலக்கு; வாடகையில் அடிப்படைச் சம்பளத்தின் பத்து சதவீதத்தைக் கழித்தால் வரும் தொகையே இவருக்கு எல்லாவற்றையும்விடக் குறைவு. அதனால் அந்த 50, 40 வித்தியாசம் இவரைத் தொடவே இல்லை.

தொழில் வரி அப்போது இரண்டு ஊரிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். சென்னையில் அரையாண்டுக்கு 1,250, கர்நாடகத்தில் மாதம் 200. பி.எஃப். 1,800 இரண்டிலும் பொது. எல்லாம் போகக் கையில் வருவது சென்னையில் 56,000, பெங்களூரில் 66,800. ஆக 14,000 வித்தியாசம் 10,800 ஆயிற்று.

அடுத்து, எல்லோரும் முதலில் கேட்கும் விலைகள். பெட்ரோல் அன்று சென்னையில் 102.63, பெங்களூரில் 101.94. சமையல் எரிவாயு சிலிண்டர் 1,118.50, அங்கே 1,105.50, பதின்மூன்று ரூபாய் வித்தியாசம். ஆவின் நீல நிறப் பால் லிட்டர் 40. நந்தினி அப்போது 39, ஆகஸ்டில் 42 ஆனது. காய்கறியில் நாளுக்கு நாள் ஏறி இறங்கும் வித்தியாசம் இரண்டு ஊருக்கும் உள்ள வித்தியாசத்தைவிடப் பெரிது. அரிசி எப்படியும் ஊரிலிருந்து போகும். இந்தப் பகுதிக்காக நாங்கள் செலவிட்ட ஒரு மணி நேரத்தில், முடிவை மாற்றக்கூடிய எதுவும் கிடைக்கவில்லை. உணவுக்குச் சென்னையில் 12,500, பெங்களூரில் 13,000 என்று எழுதி மூடினோம்.

வாடகை: திருமுல்லைவாயல், ஆவடிப் பக்கம் இரண்டு படுக்கையறை வீடு 13,000. பெங்களூரில் கிருஷ்ணராஜபுரம் பக்கம் 16,000 என்று அங்கிருக்கும் உறவினர் சொன்னார். அந்த உறவினர் ஐந்து வருடமாக ஒரே வீட்டில் இருப்பவர். அவர் சொன்னது அவர் வீட்டு வாடகை. கொரோனாவுக்குப் பின் அலுவலகங்கள் திறந்ததும் பெங்களூரில் வாடகை எகிறியது ஊரறிந்த செய்தி. நான் அதை நினைத்திருக்க வேண்டும்.

மின்சாரம்: தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். ஆனால் சென்னை வெயிலுக்கு ஏசி போட்டால் 500 யூனிட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்றைய கட்டணத்தில் 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய். 600 ஆனால் 2,750. கர்நாடகத்தில் கிருஹ ஜோதி திட்டம் அப்போதுதான் தொடங்க இருந்தது. மாதம் 200 யூனிட் வரை இலவசம், வாடகைக்கு இருப்பவருக்கும் உண்டு. அங்கே ஏசியும் தேவையில்லை. அதனால் பெங்களூருக்கு மின்சாரம், தண்ணீர் இரண்டும் சேர்த்து 800 போதும் என்று எழுதினேன். சென்னைக்கு 1,800.

இங்கே நிறுத்தி ஒன்றைச் சொல்ல வேண்டும். சென்னைக்கு மட்டும் தண்ணீர் லாரிக்கென்று தனியாகப் பணம் ஒதுக்கினேன், பெங்களூருக்கு ஒதுக்கவில்லை. 2019 கோடையில் சென்னையில் ஏரிகள் வற்றி, ஜூலையில் எங்கள் பழைய மாவட்டத்தின் ஜோலார்பேட்டையிலிருந்தே ரயிலில் தண்ணீர் போனதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். அந்த நினைவு என் பேனாவை நடத்தியது. பெங்களூருக்குக் காவிரி வருகிறதே என்று இருந்துவிட்டேன்.

மொத்தத்தில் பள்ளி, போக்குவரத்து, பெற்றோருக்கு அனுப்பும் 5,000, வேலூர் வந்துபோகும் செலவு எல்லாம் சேர்த்துச் சென்னையில் 48,000 செலவு, 8,000 மிச்சம். பெங்களூரில் 54,500 செலவு, 12,300 மிச்சம். வேலூர் வந்துபோக சென்னையிலிருந்து 2,000, பெங்களூரிலிருந்து 3,500 என்று வைத்திருந்தோம். மாதம் ஒரு முறை, நான்கு பேரும் ரயிலில்.

தாளைத் திருப்பிக் காட்டியபோது, அதுவரை பேசாமல் இருந்த மனைவி கேட்டார்: "சார், என் சம்பளத்தை எங்க எழுதியிருக்கீங்க?"

எங்கேயும் எழுதவில்லை. இரண்டு ஊரிலும் ஏதாவது பள்ளியில் வேலை கிடைக்கும், இரண்டிலும் பொதுவான தொகைதானே, அதனால் விட்டேன் என்று பதில் சொன்னேன். அவர் தலையசைத்தார். அந்தக் கேள்வியை நான் அங்கேயே பிடித்துக்கொண்டிருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலையே இருந்திருக்காது.

முடிவும் காரணமும்: 2023 ஜூன்

பெங்களூர் என்று முடிவு செய்தார்கள். மாதம் 4,300 கூடுதல் மிச்சம் என்பது ஒரு காரணம். அந்த நிறுவனத்தில் மேலே போக வாய்ப்பு அதிகம் என்பது இரண்டாவது. மூன்றாவது, வெயில், வேலூரில் வளர்ந்தவர்களுக்கு இது சின்ன விஷயமே அல்ல.

எதிராக இருந்த ஒரே பெரிய விஷயம் மகளின் படிப்பு. கர்நாடகத்தில் 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி பள்ளிகளில் கன்னடம் ஒரு பாடமாக இருக்கும். நான்காம் வகுப்பில் கன்னட எழுத்தை முதலிலிருந்து தொடங்க வேண்டும், அதோடு தமிழ்ப் பாடம் நின்றுபோகும். "குழந்தைதானே, சீக்கிரம் பிடிச்சிப்பா" என்று எல்லோரும் சொன்னோம்.

முன்பணத்துக்கு 1,50,000 தேவைப்பட்டது. 1,20,000 நகைக் கடன் எடுத்தார்கள். வட்டி மாதம் 900. இதையும் என் தாளில் நான் எழுதியிருக்கவில்லை. முன்பணம் திரும்பி வரும் பணம்தானே என்று செலவில் சேர்க்காமல் விட்டேன். திரும்பி வரும் வரை வட்டி ஓடும்.

முதல் பத்து மாதம்: ஜூலை 2023 முதல் ஏப்ரல் 2024 வரை

மனைவி நோட்டுப் போட்டு எழுதினார். தினமும், பென்சிலில். இந்த ஆய்வே அந்த நோட்டால்தான் சாத்தியமாயிற்று.

வாடகை 16,000க்கு வீடு கிடைக்கவில்லை. ராமமூர்த்தி நகரில் மெயின்டெனன்ஸோடு 18,500. பள்ளிக்குக் கட்டணம் ஏறக்குறைய நினைத்தபடிதான், ஆனால் கன்னடத்துக்கு டியூஷன் மாதம் 1,200. இலவச மின்சாரம் கிடைத்தது, ஆனால் அந்த வீட்டின் முந்தைய ஆண்டுச் சராசரியோடு பத்து சதவீதம் சேர்த்துத்தான் இலவச அளவு கணக்கிடப்படும் என்பதைப் போன பிறகு தெரிந்துகொண்டார்கள். முன்பு அங்கே தனியாளாக ஒருவர் குடியிருந்திருக்கிறார். அதனால் மேலே ஓடிய யூனிட்டுக்கு ஒவ்வொரு மாதமும் பணம் கட்டினார்கள்.

பேருந்திலும் இப்படித்தான். தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் எந்தப் பெண்ணும் கட்டணம் இல்லாமல் போகலாம், அட்டை காட்ட வேண்டாம். கர்நாடகத்தில் 2023 ஜூனில் தொடங்கிய சக்தி திட்டம் அம்மாநிலத்தில் வசிக்கும் பெண்களுக்கு; முகவரி காட்ட வேண்டும். மனைவியின் ஆதாரில் வேலூர் முகவரி. மாற்றினால் ஊரில் எது எது பாதிக்குமோ என்ற யோசனையில் ஒரு வருடம் மாற்றவில்லை. தினமும் சீட்டு வாங்கினார்.

நல்லதும் நடந்தது. 2023 அக்டோபர் 9ஆம் தேதி கிருஷ்ணராஜபுரத்துக்கும் பையப்பனஹள்ளிக்கும் இடையில் விட்டுப்போயிருந்த மெட்ரோ பாதை திறந்தது. அதுவரை பேருந்து மாறி ஒன்றேகால் மணி நேரம் ஆன பயணம் கணவருக்குப் பாதியாகக் குறைந்தது.

பிப்ரவரியில் அடுக்குமாடியின் போர்வெல் இறங்கிவிட்டது. அந்தக் கோடையில் பெங்களூர் முழுக்க இதே நிலை. மார்ச்சில் மாவட்ட நிர்வாகம் டேங்கருக்கு விலை வரம்பு வைத்தது. ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் 1,000 ரூபாய். அதற்கு முன்பே இரண்டு மடங்கு கொடுத்து வாங்கியிருந்தார்கள், குடியிருப்பு வாரியாகப் பங்கு போட்டு. மின்சாரம், தண்ணீருக்கு நான் எழுதிய 800 சராசரியில் 1,900 ஆனது.

நேர்மையாக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியது. அம்பத்தூர் தொழிற்பேட்டையிலும் தண்ணீர் நின்றது. அங்கே போயிருந்தால் அதற்கென்று ஒரு செலவு வந்திருக்கும்.

என் தாளில் எல்லாவற்றையும்விட அதிகம் தவறிய இடம், வேலூர்ப் பயணம். 3,500 என்று எழுதியது 7,200 ஆனது. எப்படி என்று நோட்டைப் புரட்டிப் பார்த்தோம். வெள்ளிக்கிழமை மாலை ரயிலில் நான்கு இருக்கை சேர்ந்து கிடைப்பது அரிது. கிடைக்காத வாரம் பேருந்து, பண்டிகை நாளில் தனியார் பேருந்தின் கூடுதல் கட்டணம். அப்பாவின் ஆஸ்பத்திரித் தேதிகளுக்குக் கணவர் தனியாக வந்தது நான்கு முறை. நவம்பரில் ஒரு இரவு பதினொரு மணிக்கு அம்மாவிடமிருந்து போன். அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறது. இரவோடு இரவாக வாடகைக் கார், 6,000 ரூபாய். அப்பா மூன்று நாளில் வீடு திரும்பினார். கணவர் மட்டும் அதற்குப் பிறகு மாதம் இரண்டு முறை வரத் தொடங்கினார். யாரும் அவரை வரச் சொல்லவில்லை. வராமல் இருக்க அவரால் முடியவில்லை.

பத்து மாதச் சராசரி இது: வாடகை 18,500, உணவு 13,600, பள்ளி 9,800, உள்ளூர்ப் போக்குவரத்து 3,300, மின்சாரமும் தண்ணீரும் 1,900, போன் 1,200, மருந்து, வட்டி, இதர செலவு 4,900, பெற்றோருக்கு 5,000, வேலூர்ப் பயணம் 7,200. மொத்தம் 65,400. மிச்சம் 1,400.

உணவில் நான் தவறியது வெறும் 600 ரூபாய். ஒரு மணி நேரம் எதைப் பார்த்தோமோ அது சரியாக இருந்தது. ஒரு நிமிடமும் பார்க்காதவைதான் மாதம் பத்தாயிரத்தைத் தின்றன.

இதில் மனைவியின் சம்பளம் இல்லை. ஏனென்றால் அந்தப் பத்து மாதமும் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. ஆங்கிலம் நன்றாகப் பேசுவார், பயிற்சி பெற்றவர், ஏழு வருட அனுபவம். நேர்காணலில் எல்லாப் பள்ளியிலும் கேட்டது, சின்னப் பிள்ளைகளின் பெற்றோரிடம் கன்னடத்திலோ இந்தியிலோ பேச வருமா என்பதுதான். மழலையர் வகுப்பில் அது நியாயமான கேள்வி. அழும் குழந்தையை எந்த மொழியில் சமாதானம் செய்வது? ஆவடியில் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. "இரண்டு ஊரிலும் பொது" என்று நான் விட்ட 11,000தான் இரண்டு ஊருக்கும் இடையிலிருந்த ஆகப் பெரிய வித்தியாசம்.

மகள் முதல் ஆறு மாதம் மிகவும் சிரமப்பட்டாள். கன்னடத்தில் பதினொரு மதிப்பெண் வாங்கிய விடைத்தாளைப் பைக்குள் ஒளித்து வைத்திருந்தாள் என்று மனைவி சொன்னபோது எனக்குப் பேச்சு வரவில்லை. சீக்கிரம் பிடித்துக்கொள்வாள் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன்.

இரண்டாவது அமர்வு: 2024 ஏப்ரல்

கோடை விடுமுறையில் வந்தபோது மறுபடி உட்கார்ந்தோம். இந்த முறை நோட்டை மேசையில் வைத்தது மனைவி. மூன்று வழிகளைப் பார்த்தோம்.

சென்னைக்கு மாறுவது ஒன்று. பழைய வேலை நிரம்பிவிட்டது. வேறு இடத்தில் 60,000க்குப் பேச்சு இருந்தது. ஆனால் மகள் இன்னொரு பள்ளிக்குப் போக வேண்டும். ஒரு வருடக் கன்னடத்தைக் கஷ்டப்பட்டுக் கடந்த பிறகு அதை விட்டுவிட்டு, இடையில் ஒரு வருடம் விட்ட தமிழைப் பிடிக்க வேண்டும். மகளே "மறுபடியுமா?" என்று கேட்டாளாம்.

இரண்டாவது, மனைவியும் பிள்ளைகளும் வேலூர் திரும்புவது, கணவர் மட்டும் அங்கே பிஜியில் (தனியாள் தங்கும் வாடகை விடுதி) தங்கி வாரா வாரம் வருவது. கணக்கில் இதுதான் மற்ற எல்லாவற்றையும் தூக்கி அடித்தது. வாடகை இல்லை, மனைவிக்குப் பழைய பள்ளியில் இடம் இருந்தது, அப்பா பக்கத்திலேயே. மாதம் முப்பதாயிரத்துக்குக் குறையாமல் மிஞ்சும். நான் அதை அழுத்திச் சொன்னேன்.

மனைவி சொன்னார்: "எங்க அப்பா பதினெட்டு வருஷம் சவூதியில இருந்தாரு சார். எனக்கு அந்தக் கணக்கு தெரியும்."

மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு, வாணியம்பாடி என்று இந்தப் பக்கம் எத்தனையோ வீடுகளில் அந்தக் கணக்கு உண்டு. அதற்கு மேல் நான் பேசவில்லை.

மூன்றாவது, பெங்களூரிலேயே இருந்து வாழ்க்கையை மாற்றி அமைப்பது. அதைத் தேர்ந்தார்கள். தீர்மானித்தவை இவை. கிருஷ்ணராஜபுரம் ரயில் நிலையத்துக்கு நடந்து போகும் தூரத்தில், அடுக்குமாடி இல்லாத, காவிரிக் குழாய் இணைப்பு உள்ள பழைய வீடாகப் பார்ப்பது. காட்பாடி ரயிலும் மெட்ரோவும் ஒரே இடத்தில் இருப்பதால் இரண்டு செலவும் குறையும். வேலூருக்குக் குடும்பமாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, கணவர் தனியாக மாதம் ஒருமுறை. தேதியை முன்கூட்டியே குறித்து ரயில் சீட்டு எடுத்துவிடுவது. அப்பாவின் ஆஸ்பத்திரித் தேதியை அந்தப் பயணத்தோடு சேர்த்து வாங்குவது. இரவில் அவசரமென்றால் முதலில் ஓடிவர, அதே தெருவில் இருக்கும் அம்மாவின் தம்பி மகனிடம் சொல்லி வைப்பது. இந்தக் கடைசி ஏற்பாட்டுக்குச் செலவு எதுவும் இல்லை. பத்து மாதம் யாருக்கும் தோன்றவும் இல்லை.

இதற்கிடையில் மனைவி பேசும் அளவுக்குக் கன்னடம் கற்றிருந்தார். மகளின் டியூஷனில் பக்கத்தில் உட்கார்ந்தே கற்றது.

அதற்குப் பின்: 2024 ஜூன் முதல் 2025 மார்ச் வரை

வீடு 14,500க்குக் கிடைத்தது. பழைய வீட்டின் முன்பணத்தில் பெயிண்டுக்கென்று ஒரு மாத வாடகை 18,500 பிடித்துக்கொண்டார்கள். அங்கே இது பரவலான வழக்கம், ஒப்பந்தத்திலும் இருந்தது. கையெழுத்துப் போடும்போது யாரும் அந்த வரியைப் படிக்கவில்லை. இருசக்கர வண்டியை வேலூருக்கே அனுப்பிவிட்டார்கள். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும், சாலை வரியும் கட்ட வேண்டும். நிலையத்துக்குப் பக்கத்திலேயே வீடு என்பதால் வண்டி இல்லாமல் சமாளிக்க முடிந்தது.

மனைவிக்கு ஜூனில் வேலை கிடைத்தது, 13,000. மகனுக்குப் பள்ளி முடிந்த பிறகு பார்த்துக்கொள்ளும் இடத்துக்கு 3,500 போகிறது. ஆதார் முகவரியை மாற்றிவிட்டார், பேருந்தில் இலவசமாகப் போகிறார். கன்னட டியூஷன் நின்றது. மகள் ஐந்தாம் வகுப்பில் சராசரி மதிப்பெண் வாங்கினாள். வேலூர்ச் செலவு 4,800க்கு வந்தது. கணவரின் சம்பள உயர்வைச் சேர்க்காமலே மாதம் சராசரி 19,800 மிஞ்சியது. 2025 ஜனவரியில் நகையை மீட்டார்கள்.

சென்னைக்குப் போயிருந்தால்? முதல் நாளிலிருந்தே மனைவிக்கு வேலை கிடைத்திருந்தால், என் பழைய தாளின்படி முதல் வருடமே மாதம் 19,000 மிஞ்சியிருக்கும். பெங்களூரில் அந்த இடத்தை எட்ட ஒரு வருடம் தாமதமாயிற்று. அந்த ஒரு வருடத்தின் விலை ஏறத்தாழ இரண்டு லட்சம் என்பது என் கணிப்பு. கணவர் இதை ஏற்றுக்கொள்கிறார். மனைவி, "அந்த வருஷத்துல நான் ஒரு பாஷை கத்துக்கிட்டேன், அதையும் எழுதுங்க" என்றார். எழுதிவிட்டேன்.

தமிழ் விஷயம் தீரவில்லை. மகள் தமிழ் பேசுகிறாள், எழுதுவது குறைந்துவிட்டது. பாட்டி விடுமுறையில் எழுத வைக்கிறார்.

மறுபடி செய்தால்

இப்போது என்னிடம் இதே கேள்வியோடு வருபவர்களுக்கு இரண்டு பத்தி போடுவதில்லை, மூன்று போடுகிறேன். மூன்றாவது பத்தி சொந்த ஊர். கடந்த பன்னிரண்டு மாதத்தில் ஊரில் உங்களுடைய ஆள் நேரில் நிற்க வேண்டியிருந்த நாட்கள் எத்தனை என்று கேட்கிறேன்: ஆஸ்பத்திரி, கல்யாணம், சாவு, ஆடிக் கிருத்திகை, வீட்டு வரி, எல்லாம். பெரும்பாலும் ஆறு, ஏழு என்று தொடங்கி, நாட்காட்டியைப் புரட்டினால் இருபதைத் தாண்டுகிறது. அந்த எண்ணிக்கையை வைத்துத்தான் பயணச் செலவு எழுத வேண்டும்.

கணவன், மனைவி இருவரின் வேலையையும் ஊர் வாரியாகத் தனித்தனியே எழுதுகிறேன். எந்த மொழி தெரிந்தால் அந்த வேலை கிடைக்கும் என்பதையும் கேட்கிறேன். இதை முதல் கேள்வியாகவே வைத்திருக்கிறேன். பால் விலைக்கெல்லாம் முன்பாக.

வாடகைக்கு, அந்த மாதம் புதிதாக வீடு பிடித்தவரைக் கேட்கச் சொல்கிறேன். பல வருடமாக இருப்பவரை அல்ல. முன்பணத்துக்கு வட்டியும், காலி செய்யும்போது பிடிக்கும் தொகையும் செலவுக் கணக்கில் வர வேண்டும். தண்ணீருக்கு இரண்டு ஊருக்கும் ஒரே அளவு ஒதுக்குகிறேன், என் நினைவில் எந்த ஊர் காய்ந்திருந்தாலும் சரி.

முடிந்தவர்கள் முதல் மூன்று மாதம் குடும்பத்தை மாற்றாமல், வேலைக்குப் போகிறவர் மட்டும் பிஜியில் தங்கிப் பார்க்கலாம் என்பேன். இந்தக் குடும்பத்துக்கு அது பள்ளித் தொடக்கத்தால் முடியாமல் போயிருக்கும், ஆனால் கேட்டிருக்கவாவது வேண்டும்.

வரி விஷயத்தில் என் பழைய தாளை யாரும் அப்படியே எடுக்க வேண்டாம். 2025 பட்ஜெட்டில் புதிய வரி முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை என்று ஆனது. இவருடைய இரண்டு சம்பளமும் இப்போது அதற்குள் அடங்கும். நான் கழித்த 3,155 ரூபாய் இனி இல்லை.

இன்னொன்று. இரண்டு அமர்விலும் பெற்றோரை நாங்கள் கூப்பிடவில்லை. அப்பா வர மாட்டார் என்பது ஊகம். அவரிடம் யாரும் கேட்டதில்லை. மார்ச்சில் கணக்கைக் கொடுக்கப் போயிருந்தபோது கீழ் வீட்டில் உட்கார்ந்து காபி குடித்தேன். கோடையில் இரண்டு மாதம் அங்கே போய் இருக்கலாமா, ஆஸ்பத்திரித் தேதியைத் தள்ளிப் போடுவார்களா என்று அப்பாவே என்னிடம் கேட்டார். ஜூனில் மகளுக்கு ஆறாம் வகுப்பு. அதற்கு முன் ஒருமுறை உட்காரலாம் என்று பேசியிருக்கிறோம். இந்த முறை ஆறு நாற்காலி போட வேண்டும்.